தோன்றா எழுவாய்

ஏழு பொத்தான்களில் ஆறுக்கு உயிர் இருக்கிறது.
தொடங்கும் பொத்தான் மட்டும் செத்துவிட்டது.

ரெலாவ், பதினான்காம் மாடி, இரவு பத்தே கால்.
அசாம் மீன் வைத்த சட்டி,
மஞ்சள் கறையோடு எட்டுத் தட்டு,
அடிப்பிடித்த பால் பாத்திரம்
எல்லாம் உள்ளே வரிசையாய்,
கதவைச் சாத்தியபின் என்ன ஆகும் என்று கேட்காமல்.

தஞ்சோங் பூங்காவில் வீட்டைக் காலி செய்த ஜெர்மன்காரர்
முந்நூற்றைம்பது வெள்ளிக்குத் தந்துவிட்டுப் போனது.
கையேடும் அவர் மொழிதான்.
நான் படங்களை மட்டும் வாசிக்கிறேன்:
ஒரு விரல், ஒரு சாவி, ஒரு மூன்று.

சாவி என்றால் குழந்தைப் பூட்டு.
மூன்று விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும்.
பிடித்தேன். முப்பதும் பிடித்தேன்.
இந்த வீட்டில் அந்த வயதில் யாருமில்லை,
இருந்தவன் ஜோகூரில் கார்க் கடன் கட்டுகிறான்.

பொத்தானைத் துணியால் துடைத்தேன்.
எண்ணெய்ப் பிசுக்கு வந்தது, உயிர் வரவில்லை.

அடுத்த படம்: மின்சாரத்தை அணை, பத்து நிமிடம் பொறு.
எங்கள் அடுக்களையில் ஒரே பியூசுக்கு
விளக்கு, ஐஸ்பெட்டி, இது, மூன்றும்.
இருட்டில் உட்கார்ந்து பார்த்தேன்.
கீழே பாயான் லெப்பாஸ் பக்கம்
இரவு ஷிப்ட் பஸ் ஒன்று
யாரோ ஓடி வருவதற்காக நின்றது.
நின்றுகொண்டே இருந்தது.

சாயங்காலமே போனில் கம்பெனிப் பையன் பார்க்காமல் சொல்லிவிட்டான்:
"பேனலையே மாத்தணும்கா. அறுநூத்தி நாப்பது வெள்ளி.
சாமான் வர மூணு வாரம்."

கூடத்திலிருந்து மாசிலாமணி:
"கையால கழுவிட்டா ஆச்சு."
யார் கையால் என்று சொல்லவில்லை.
பள்ளியில் இதற்குப் பெயர் சொல்லித் தந்தார்கள்,
தோன்றா எழுவாய்.
இருபத்தெட்டு வருடமாக
இந்த வீட்டு வாக்கியங்களில்
அது தோன்றாமலே நான் எழுந்திருக்கிறேன்.

இன்று எழவில்லை.
போன் வெளிச்சத்தை மாவுச் சம்படத்தில் சாய்த்துவைத்து
கதவின் உட்புறத்து நட்சத்திரத் தலைத் திருகாணி
ஆறையும் கழற்றினேன்.
திருப்புளி என்னுடையது.
பதினோரு வருடம் நுண்ணோக்கியில் கண்ணை ஒட்டவைத்து
ஈயப் பற்று பார்த்தவள் நான்,
ஷிப்டுக்கு நானூறு பலகை.
சரி, சரி, சரி, சரியில்லை, சரி.
எங்கே போகின்றன என்று கேட்டால்
லைன் லீடர் சிரிப்பாள்.

இதுவும் எங்கள் பலகையா என்று புரட்டினேன்.
இல்லை. வேறு நாட்டுப் பெயர்.

ரிப்பன் ஒயர் நுழையும் இடத்தில்
ஒரு பல்லிக் குட்டி.
காய்ந்து, காகிதமாகி,
முன்கால் ஒரு செப்பு முனையில், வால் இன்னொன்றில்.
தலையில் விழுந்தால், தோளில் விழுந்தால்,
வலக்கையில் விழுந்தால் என்று
பஞ்சாங்கத்தில் வரிசையாகப் பலன் இருக்கிறது.
மின் பலகையில் விழுந்தால்?
போடவில்லை.
பல்லிக்கு என்ன பலன் என்பதையும்.

பழைய பல் பிரஷ், மருந்துக் கடை ஸ்பிரிட்,
பச்சை பூத்த முனைகளுக்குப் பென்சில் அழிரப்பர்.
படுக்கையறையிலிருந்து நீட்டிய ஒயரில்
தலை உலர்த்தும் கருவி,
தூரத்தில் பிடித்து, அவசரமில்லாத காற்று.
ரிப்பன் தன் வாயில் உட்காரும்போது
ஒரு சின்ன ‘டக்’.
அது விரலுக்குத்தான் கேட்கும், காதுக்குக் கேட்காது.

பியூஸ். விளக்கு. ஐஸ்பெட்டியின் உறுமல்.
தொடங்கு.

தண்ணீர் வந்தது.

இப்போது தாமதப் பொத்தான் வேலை செய்யவில்லை.
ஏழில் ஆறு, முன்போலவே.
இருக்கட்டும்.

பதினொன்றரைக்கு மைலோ குடித்த கோப்பையோடு வந்து
அந்தச் சத்தத்தின் முன் நின்றார் மாசிலாமணி.
திறக்கவா என்று கண்ணால் கேட்டார்.

"கையால கழுவிட்டா ஆச்சு" என்றேன்.